இருவர் கையெழுத்து

ஷட்டர் உள்ளே வந்ததும் முதல் காரியமாகப் பட்டறையின் ஷட்டரை இழுத்து மூடினான். அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். எந்தக் கடைக்கு வசூலுக்குப் போனாலும் வாயைத் திறப்பதற்கு முன் கதவை இறக்கிவிடுவான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்து போயிருக்கும் என்று அந்தத் தெரு லேத்காரர்கள் சொல்வார்கள்.

மணி பதினொன்று. பட்டறைக்குள் ஒரு லேத், துளை போடும் மிஷின் ஒன்று, ஒரு மேசை. மேசையின் முனையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். அக்கா கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே வங்கியின் டெபாசிட் ரசீதும் பணம் எடுக்கும் படிவமும் இருந்தன. படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. தம்பியின் கையெழுத்துதான் பாக்கி. “கையெல்லாம் எண்ணெய்க்கா. இந்த ஒரு பீஸை முடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு லேத்துக்குத் திரும்பியிருந்தான்.

அப்பா இறந்தபோது ஆலை கொடுத்த பணம் அது. இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மற்றவரை ஏமாற்றிவிடக் கூடாதென்று அம்மா அதை இருவர் பெயரிலும் போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். தன் பங்கைத் தம்பி லேத் வாங்கும்போதே எடுத்துக்கொண்டான். மிச்சம் முழுவதும் அக்காவுடையது. இன்றைக்கு முதிர்கிறது. அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பாக்கியைத் திங்கள்கிழமைக்குள் கட்டினால் அவள் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீடு அவளுக்குச் சொந்தம். கட்டாவிட்டால் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்கு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு துவைத்துத் தேய்க்கிறவள். அந்தப் பதினாறு வருஷத்தில் ஏழு வீடு மாறியிருந்தாள்.

“என்ன முதலாளி, மிஷின் நல்லா சுத்துதே. நம்ம காசுதானே சுத்துது?” என்றான் ஷட்டர்.

இரண்டு வருஷத்துக்கு முன் லேத்தின் மோட்டார் எரிந்துபோனபோது தம்பி ஒரு பைனான்ஸில் கடன் வாங்கியிருந்தான். முதலுக்கு மேலேயே கட்டியாகிவிட்டது. கடைசி நாலு மாதம்தான் கட்டவில்லை.

“அடுத்த மாசம் கண்டிப்பா தந்துடறேன் அண்ணே.”

“அடுத்த மாசம், அடுத்த மாசம். என் பொண்டாட்டிகூட இவ்வளவு சாக்கு சொல்ல மாட்டாடா.”

சொல்லிக்கொண்டே மேசைமேல் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் தம்பியின் காதோடு சேர்த்து ஒரு போடு போட்டான். தம்பி, லேத் சீவித் தள்ளி மூலையில் குவிந்திருந்த இரும்புச் சுருள்களின்மேல் விழுந்தான். எழுந்தபோது கன்னத்தில் இரண்டு சுருள்கள் தைத்துத் தொங்கின. அக்கா பாய்ந்து வந்தாள். ஷட்டர் திரும்பிப் பார்க்காமலே புறங்கையால் அவள் மார்பில் தள்ளினான். டின்னோடு சேர்ந்து அவள் உருண்டாள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். தம்பியின் வலது கையைப் பிடித்து இழுத்து, வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் விரல்களை வைத்து, முழங்காலால் அவன் முதுகை மேசையோடு அழுத்திக்கொண்டு, ஷட்டர் கைப்பிடியைச் சுற்றினான். ஒரு சுற்று. இரண்டாவது. மூன்றாவது சுற்றுக்குக் கைப்பிடியில் தொங்க வேண்டியிருந்தது. லேத் ஓடிக்கொண்டிருந்ததால் விரல் உடைந்த சத்தம் அக்காவுக்குக் கேட்கவில்லை. தம்பியின் வாய் திறந்ததைத்தான் பார்த்தாள். வைஸின் தாடைக்குக் கீழே ரத்தம் ஒழுகி மேசைக் காலில் இறங்கியது.

“இருக்கு! பணம் இருக்கு!” என்று கத்தினாள். “பேங்க்ல இருக்கு. விடு, அவனை விடு. தந்துடறோம்.”

தம்பி அந்த வலியிலும் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. ஷட்டர் கைப்பிடியைத் திருப்பித் தளர்த்தினான்.

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?” என்றான், உண்மையாகவே வருத்தப்பட்டவன்போல. போனை எடுத்து வெளியே வேனில் இருந்தவனை அழைத்தான்.

வந்தவன் டை கட்டியிருந்தான். வசூல் ஏஜென்சியை நடத்துகிறவன் அவன்தான். சட்டைப்பையில் ஒரு அச்சடித்த அட்டை வைத்திருப்பான். கடன்காரரைத் தொடக் கூடாது, திட்டக் கூடாது, காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை மட்டும்தான் போக வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கும். யாராவது சண்டைக்கு வந்தால் நீட்டுவான். அக்காவிடமும் நீட்டினான். “மணி பதினொண்ணுதான் ஆகுது. விதிப்படிதான் வந்திருக்கோம்.”

லேத்தை நிறுத்திவிட்டு அவள் மடியிலிருந்து விழுந்த உறையை எடுத்தான். ரசீதைப் பார்த்தான். தொகையைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. பிறகு படிவத்தைப் பார்த்தான். இரண்டாவது கோடு காலியாக இருந்தது.

“இது யாரு போடணும்?”

“அவன்தான்” என்றாள் அக்கா. “ரெண்டு பேரும் போட்டாத்தான் தருவாங்க.”

டை கட்டியவன் வைஸைப் பார்த்தான். தம்பி தரையில் உட்கார்ந்து கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தான்.

“எந்தக் கையடா?”

ஷட்டர் வைஸின் கைப்பிடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான்.

“எந்தக் கைன்னு கேட்டேன்.”

“வலது.”

டை கட்டியவன் அவனைக் கன்னத்தில் அறைந்தான். “கழுதை! எல்லா இடத்துலயும் வலதையே உடைக்கிறியே, இடதுன்னு ஒண்ணு இருக்கிறது உன் கண்ணுக்குத் தெரியாதா?” இன்னொரு அறை. “காசு குடுக்கப் போறவன் கையடா அது!”

ஷட்டர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, “டெபாசிட் இருக்குன்னு அப்ப யாரும் சொல்லலையே” என்றான்.

இடது கையால் போட வைத்துப் பார்த்தார்கள். காகிதத்தில் எறும்பு மிதிபட்டுச் செத்ததுபோல் ஏதோ விழுந்தது.

வேனில் தம்பி நடுவில் உட்கார்ந்தான். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் ஷட்டர். தம்பியின் வலது கையைப் பட்டறைத் துண்டால் சுற்றி, துண்டின்மேல் ஷட்டர் தன் கையை வைத்திருந்தான். டை கட்டியவன் முன்னால் உட்கார்ந்து போனில் வாய்விட்டுக் கணக்குப் போட்டான். காலையில் ஷட்டரிடம் அவன் சொல்லி அனுப்பிய பாக்கி மூன்று லட்சத்துச் சொச்சம். அபராத வட்டி, நோட்டீஸ் செலவு, வசூல் செலவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். வங்கி வாசலில் வேன் நின்றபோது ஐந்து லட்சத்து எண்பதாயிரத்தில் வந்து நின்றது. ரசீதில் இருந்த தொகை அதேதான்.

“இப்படி நயா பைசா மிச்சமில்லாம எப்படி வரும்?” என்றாள் அக்கா.

“கணக்குன்னா அப்படித்தாம்மா, சரியா வரணும்.” பிறகு திரும்பிப் பார்த்து, “மிஷின்ல கை மாட்டிக்கிச்சு. அதைத்தான் சொல்லணும். வேற ஏதாவது வாயில வந்துச்சுன்னா இடது கையும் இருக்கு. உனக்கும் ரெண்டு கை இருக்கு” என்றான்.

துண்டுக்குமேல் ஷட்டரின் விரல்கள் அழுந்தின. தம்பி “மிஷின்ல மாட்டிக்கிச்சு” என்று ஒருமுறை சொல்லிக் காட்டினான்.

வங்கி மேனேஜருக்குச் சளி. மேசைமேல் மூக்கைத் துடைத்த காகிதங்கள் குவிந்திருந்தன. அந்தக் கிளையில் அவளைப் பிடிக்கிறவர்கள் யாருமில்லை. ஒரு எழுத்து அடித்துத் திருத்தியிருந்தால் புதுப் படிவம் கேட்பாள். போன வருஷம் அக்காவையே முகவரி மாற்றத்துக்கு மூன்று முறை நடக்க வைத்திருக்கிறாள்.

படிவத்தைப் பார்த்தாள். கணினியில் இருந்த பழைய கையெழுத்தைப் பார்த்தாள். “இது சேரலை.”

“கையில அடி மேடம்” என்றான் டை கட்டியவன் குழைவாக. “மிஷின்ல மாட்டிக்கிச்சு. அவசரமா பணம் தேவைப்படுது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு.”

“நீங்க யாரு?”

“குடும்ப நண்பர்.”

“அவர்?” ஷட்டரைக் காட்டினாள். அவன் தம்பியின் தோளில் ஒரு கையும் துண்டில் ஒரு கையுமாக ஒட்டி நின்றான்.

“அவரும் நண்பர்தான்.”

“நிறைய நண்பர்கள்” என்றாள் மேனேஜர். தும்மினாள். “கையெழுத்துப் போட முடியாதவங்க கைநாட்டு வைக்கலாம். என் முன்னாடி வைக்கணும். ரெண்டு சாட்சி வேணும். ஒருத்தர் எங்க ஆளு. இன்னொருத்தர் வெளியாளா இருக்கலாம். பேரு, விலாசம், அடையாள அட்டை நகல், அடி எப்படிப் பட்டதுன்னு அவர் கைப்பட எழுதிக் கையெழுத்து. நீங்க போடறீங்களா?”

டை கட்டியவன் சட்டைக் காலரைத் தளர்த்தினான். “நான் எதுக்கு மேடம்? இவன் போடுவான்” என்று ஷட்டரைக் காட்டினான்.

“எனக்கு எழுத வராதுங்க” என்றான் ஷட்டர்.

“கட்டைவிரல் இருக்கில்ல?” என்றாள் மேனேஜர்.

“ஏன் மேடம், அடிபட்டவர் கால்விரல்ல வச்சா ஆகாதா? சாட்சியே வேணாம்ல?” என்றான் டை கட்டியவன்.

“கால்விரலுக்கும் சாட்சி வேணும்” என்றாள் அவள் சிரிக்காமல். “விதியில கால்விரலும் இருக்கு.” மேசைக்கு மேல் எட்டிப் பார்த்தாள். “தரையில ரத்தம் சொட்டுது. அந்தத் துண்டை மாத்துங்க.”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஷட்டர் துண்டைச் சரிசெய்கிறவன்போல் குனிந்து பிசைந்தான். தம்பி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். உதட்டைக் கடித்ததில் பல் இறங்கி அங்கிருந்தும் ரத்தம் வந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மாள் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இன்னொண்ணு” என்றாள் மேனேஜர். “கைநாட்டா இருந்தா, பணம் எடுக்கிறது அவங்க சொந்த விருப்பம்தானான்னு ஒவ்வொருத்தரையும் நான் தனியா கேட்கணும். இந்த அறையில. நண்பர்கள் வெளியே இருங்க.”

“மேடம், அதெல்லாம் எதுக்கு...”

“விதி.”

முதலில் தம்பி போனான். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. இரண்டு நிமிஷம். வெளியே வந்தபோது அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஷட்டர் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அக்கா உள்ளே போனாள். கதவு மூடியதும் வெளிச்சத்தம் நின்றது. கண்ணாடி வழியாகத் தம்பியின் முதுகு தெரிந்தது. ஷட்டரின் கை தெரியவில்லை.

“உங்க தம்பி முழுச் சம்மதம்னு சொல்லிட்டார். மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னும் சொன்னார். நீங்க?”

அக்காவுக்கு ஒரு கணம் காது அடைத்தது. என் பணம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பிறகு நினைவு வந்தது. பட்டறையில் பணம் இருக்கு என்று முதலில் கத்தியது யார்?

“நான் சம்மதம்னு சொன்னா?”

“அரை மணி நேரத்துல உங்க கணக்குல வந்துடும். யாருக்கு வேணாலும் அனுப்பிக்கலாம்.”

“இல்லைன்னு சொன்னா?”

“ரெண்டு மாதிரி இருக்கு.” மேனேஜர் மூக்கைச் சிந்தினாள். “இப்ப வேணாம்னு சொன்னா, நாளைக்கு ரெண்டு பேரும் வந்து கேட்டாத் தருவேன். நிர்ப்பந்தம்னு எழுதிக் குடுத்தா வேற. அந்த நிமிஷமே முடக்கிடுவேன். அப்புறம் கோர்ட் உத்தரவு வந்தாத்தான் பணம். நீங்களே வந்து என் கால்ல விழுந்தாலும் தர முடியாது. வருஷக்கணக்கா ஆகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா சீக்கிரம் சொல்லுங்க. ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாடு.”

அக்கா யோசித்தாள். திங்கள்கிழமை. இரண்டு அறை. சமையலறை ஜன்னல். கொடுத்துவிட்டால் வீடு போகும், தம்பி தப்புவான். ஆனால் தப்புவானா? காலையில் மூன்று லட்சமாக இருந்த கடன் ரசீதைப் பார்த்ததும் ஐந்தே முக்காலுக்கு மேல் ஏறிவிட்டது. இவர்கள் கண்ணில் எது படுகிறதோ அந்த அளவுக்குக் கடன் வளரும். நாளைக்கு லேத்தைப் பார்ப்பார்கள். நாளை மறுநாள் அவள் சம்பளத்தைப் பார்ப்பார்கள். அடித்தால் பணம் வரும் என்று தெரிந்த வீட்டை விடுவார்களா? அடித்தாலும் வராது என்று ஆனால் எதற்கு அடிப்பார்கள்? கோபத்துக்கு அடிப்பார்கள். ஒரு தடவை.

அந்த ஒரு தடவையைத் தாங்கிவிடலாம் என்று தோன்றியது.

“பேனா குடுங்க” என்றாள்.

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை மேனேஜர் வரி வரியாகப் படித்தாள். தேதியைத் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் இன்னொரு கையெழுத்து வாங்கினாள். முத்திரை குத்தினாள். கணினியில் ஏதோ தட்டினாள். “முடிஞ்சது. போலீஸுக்கு நான் போன் பண்றேன். அதுவும் விதிதான்.”

வெளியே வந்ததும் டை கட்டியவன் எழுந்தான். “ஆச்சா?”

அடித்தால் தெருவில் நாலு பேர் பார்க்க அடிக்கட்டும் என்று, அக்கா தம்பியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். பின்னாலேயே இருவரும் வந்தார்கள். படியிறங்கித் தெருவில் நின்றதும் திரும்பிச் சொன்னாள். “நிர்ப்பந்தம்னு எழுதிக் குடுத்துட்டேன். கோர்ட் சொல்லாம இனி அந்தக் காசு வெளிய வராது. எனக்கும் வராது. உனக்கும் வராது.”

டை கட்டியவனுக்கு அது உடனே புரிந்தது. அவன் முகத்தில் கோபம்கூட வரவில்லை. கடையில் கேட்ட சாமான் இல்லை என்றால் வருமே, அந்த முகம். போனில் ஏற்றி வைத்திருந்த கணக்கைப் பார்த்தான். அழித்தான்.

ஷட்டருக்குப் புரியவில்லை. அல்லது அவனுக்குப் புரிந்த விதம் வேறு. அக்காவின் தலைமுடியைப் பிடித்து வேன் கதவில் முகத்தை மோதினான். மூக்கு நசுங்கி வாயெல்லாம் உப்புக்கரித்தது. இரண்டாவது மோதலில் முன்பல் ஒன்று நாக்கின்மேல் வந்து விழுந்தது. தம்பி ஓடிவந்து ஷட்டரின் தோளைக் கடித்தான். ஷட்டர் அவன் துண்டுக் கையைப் பிடித்து முறுக்கினான். தம்பி போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். வந்து, நின்று பார்த்தார்கள்.

வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவலாளி நின்றிருந்தான். மீசை நரைத்த ஆள். அக்கா ரத்தம் வழிய அவனைப் பார்த்துக் கத்தினாள். “பார்த்துக்கிட்டே நிக்கிறியே, அவனை அடி!”

அவன் சங்கடமாகக் காலை மாற்றி நின்றான். “படிக்கு வெளிய என் டியூட்டி இல்லம்மா. உள்ளேன்னாத்தான்.”

ஷட்டர் தம்பியைக் கீழே தள்ளிவிட்டு மறுபடியும் அவள் பக்கம் வந்தான். அக்கா ஓடவில்லை. குனிந்து அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள். ஈர விரிப்புகளைக் கட்டுக்கட்டாக இழுத்த கை. வங்கி வாசலை நோக்கிப் பின்னுக்கு நடந்தாள். அவன் அவள் முதுகில் முழங்கையால் குத்தினான். ஒவ்வொரு குத்துக்கும் கண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. விடவில்லை. முதல் படி. இரண்டாவது படி. மூன்றாவதில் அவள் மல்லாந்து விழுந்தாள். ஷட்டர் அவள்மேல் விழுந்தான். அவன் உடம்பு இடுப்புவரை வாசலுக்குள் இருந்தது.

“இப்ப உள்ளதானே?” என்றாள்.

காவலாளி கீழே பார்த்தான். வாசல் நிலைப்படியைப் பார்த்தான். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, கட்டைப் பக்கத்தால் ஷட்டரின் தோள்பட்டையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் இந்தத் தடவை அக்காவுக்கு நன்றாகக் கேட்டது. ஷட்டர் அலறி எழப் பார்த்தான். இரண்டாவது அடி முழங்கையில் விழுந்தது. மூன்றாவதை மட்டும் காவலாளி டியூட்டிக்காக இல்லாமல் தன் கணக்கில் கொடுத்ததுபோல் இருந்தது.

தெருவில் வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. டை கட்டியவன் ஷட்டரை ஏற்றிக்கொள்ளவில்லை. மேனேஜர் அழைத்த போலீஸ் வந்தபோது அவன் வாசலிலேயே கிடந்தான்.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் தெரிந்தவர்கள் நிறைய. அதனால் சீக்கிரம் பார்த்தார்கள். தம்பியின் நடுவிரலையும் மோதிரவிரலையும் எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆள்காட்டி விரலுக்குக் கம்பி வைத்துப் பார்க்கலாம். அக்காவின் மூக்கில் பஞ்சு அடைத்து, உதட்டில் நாலு தையல் போட்டார்கள்.

ஆபரேஷனுக்குக் கூப்பிடக் காத்திருக்கும்போது தம்பி அவளைப் பார்த்தான். “அக்கா, உள்ள நான் சம்மதம்னு சொல்லிட்டேன்.”

“தெரியும்.”

“அடுத்து உன் கையை வைப்பாங்கன்னு பயந்துட்டேன். அந்த வைஸ்ல. அதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

“என் காசுடா அது. என்னைக் கேட்டிருக்கணும்.”

“நீயும்தான் என்னைக் கேக்கலை. வேணாம்னு தலையாட்டினேன்ல?”

அவள் அவன் கைக்கட்டில் அவிழ்ந்திருந்த நுனியைச் செருகிவிட்டாள்.

“கோர்ட்டுக்கு எத்தனை வருஷம் ஆகும்?” என்றான்.

“ஆகட்டும்.”

“வீடு?”

அவள் எழுந்து ஜன்னலோரம் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். திங்கள்கிழமை பணம் வராது என்று சொன்னாள். உதடு வீங்கியிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் சொல்ல முடிந்தது. அட்வான்ஸ் திரும்ப வராதும்மா, பேசினது அப்படித்தான், என்றார் அவர். சரி என்றாள். எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டார்.

“ஒரு மாசம் குடுங்க” என்றாள். “சாமான் தூக்கி வைக்க இப்ப என் தம்பிக்குக் கை இல்லை.”